ஈம்: தன்னைத்தானே அடைத்துக்கொண்ட டார்பிஷயர் கிராமம் – வரலாறும் பார்க்க வேண்டிய இடங்களும்

நெடுவழி எழுதியது:

வணக்கம். இங்கிலாந்துக் கிராமங்களைப் பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம் பைபரி, லேக்காக் என்று படத்துக்கு அழகான ஊர்களே முன்னால் வந்து நிற்கின்றன. டார்பிஷயரில் உள்ள ஈம் கிராமத்துக்குத் தனி இழை வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். தெரிந்தவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஷெஃபீல்டுக்குத் தென்மேற்கே, பீக் டிஸ்டிரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது ஊர். வடக்கே மணற்பாறை மேடு, தெற்கே சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்கு, இடையில் வளைந்து போகும் ஒரு நீளத் தெரு. மக்கள்தொகை இன்றும் ஆயிரத்துக்குள்தான். பல நூற்றாண்டுகள் ஈயச் சுரங்கத்தாலும் ஆடு வளர்ப்பாலும் பிழைத்த ஊர்.

1665இல் லண்டனைக் கொள்ளைநோய் (பிளேக்) சூறையாடிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து ஈமில் இருந்த தையல்காரர் அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்டின் வீட்டுக்குத் துணிமூட்டை ஒன்று வந்தது. அங்கே தங்கி வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் ஈரமாயிருந்த துணியைக் கணப்பருகே விரித்துக் காயவைத்தார், துணியில் இருந்த தெள்ளுப்பூச்சிகள் வழியாக நோய் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. செப்டம்பர் 7 அன்று விக்கர்ஸை அடக்கம் செய்தார்கள். அதே வீட்டுச் சிறுவன் எட்வர்டு கூப்பர் அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டான். அவன் அண்ணன் அடுத்த மாதம்.

குளிர்காலத்தில் நோய் தணிந்தது. 1666 கோடையில் மறுபடியும் தலைதூக்கியது. ஊரை விட்டு ஓடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, முப்பது வயதுகூட நிரம்பாத போதகர் வில்லியம் மோம்பெசனும், அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த தாமஸ் ஸ்டேன்லியும் சேர்ந்து ஊராரிடம் மூன்று ஏற்பாடுகளை வைத்தார்கள். இறந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவராமல் அவரவர் தோட்டத்திலும் வயலிலும் புதைப்பது. தேவாலயத்தைப் பூட்டிவிட்டுத் திறந்தவெளியில் வழிபடுவது. ஊர் எல்லையை யாரும் தாண்டாமல் இருப்பது. சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபு உணவும் மருந்தும் எல்லைக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார்.

கடைசிச் சாவு 1666 நவம்பர் தொடக்கத்தில். மொத்தம் ஏறக்குறைய 260 பேர்.

இந்தக் கதையை மோம்பெசனின் தியாகக் கதையாகச் சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டார்கள். அவர் பங்கை நான் குறைக்கவில்லை. அவர் மனைவி கேத்தரின் ஊரை விட்டுப் போக மறுத்து, ஆகஸ்டு 25 அன்று அங்கேயே அடக்கமானார். ஆனால் போதகர் சொன்னதற்காக மட்டும் ஓர் ஊர் தன் கதவைச் சாத்திக்கொள்ளாது. தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், தன் பிள்ளைக்குத் தானே குழி வெட்டியவர்கள் சுரங்கத் தொழிலாளர்களும் குடியானவர்களும். ஈமுக்குப் போகிறவர்கள் அவர்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

---

தாமிரபரணி எழுதியது:

அருமையான தொடக்கம் ஐயா. கோடையில் அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருக்கிறது. ஒரு பகலில் பார்த்துவிட முடியுமா? எங்கே தொடங்கினால் நல்லது?

---

நெடுவழி எழுதியது:

தாராளமாக முடியும். பெரும்பாலானவை ஒரே தெருவில் இருக்கின்றன.

பலரும் தேவாலயத்துக்குள் நுழைந்தவுடன் மோம்பெசனின் நாற்காலியைத் தேடிப் போவார்கள். நீங்கள் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலில் தொடங்குங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரே குடும்பப் பெயர் வரிசையாக வருவதை விரலால் தொட்டபடி படிக்கத் தோன்றும்: ஸைடால், ஸைடால், ஸைடால். பிறகு டால்பட். பிறகு ஹான்காக். அங்கே சற்று நின்றுவிட்டு வெளியே வந்தால், அடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் முகம் வந்துவிடும்.

தேவாலயம் புனித லாரன்ஸ் பெயரில் உள்ளது. தோட்டத்தில் எட்டாம் நூற்றாண்டுக் கற்சிலுவை ஒன்று நிற்கிறது. ஆங்கிலோ-சாக்சன் காலத்து வேலைப்பாடு. தண்டின் மேல்பகுதியில் ஒரு துண்டு காணாமல் போய்விட்டதால் உயரத்தில் குட்டையாகத் தெரியும். ஆனால் சிலுவைத் தலை அப்படியே இருக்கிறது. அதன் கைகளில் தேவதூதர்கள், தண்டில் சுருண்டு சுருண்டு ஏறும் கொடி. கொள்ளைநோய் வந்தபோதே அந்தக் கல்லுக்கு எண்ணூறு வயதுக்கு மேல். பக்கத்தில் கேத்தரின் மோம்பெசனின் கல்லறை.

தேவாலயத்துக்கு மேற்கே சில அடி நடந்தால் நோய் தொடங்கிய குடில்கள். எந்த வீட்டில் யார், எந்தத் தேதியில் இறந்தார்கள் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். இன்று அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். சன்னலுக்குள் கேமராவை நீட்டுவோரைப் பார்த்து எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இன்னும் மேற்கே ஈம் ஹால் என்ற மாளிகை. நோய் ஓய்ந்த சில ஆண்டுகளில், 1670களின் தொடக்கத்தில், ரைட் குடும்பத்தார் கட்டியது. எதிரில் உள்ள பசும்புல் திடலில் குற்றவாளிகளின் காலைப் பூட்டி உட்காரவைக்கும் மரச்சட்டம். பழைய மெதடிஸ்டு ஆலயக் கட்டடத்தில் அருங்காட்சியகம். அம்மா அப்பாவுக்கு நடக்க முடிந்தது இவ்வளவு என்றாலும் போதும்.

நடக்க முடிந்தால் ரைலி கல்லறைகளை விட்டுவிடாதீர்கள். ஊருக்குக் கிழக்கே, அரை மைலுக்குமேல், சரிவான மேய்ச்சல் நிலத்தின் நடுவில் இருக்கின்றன. கற்களை அடுக்கிய தாழ்வான வட்டச் சுவர். அதற்குள் ஆறு சிறு நடுகற்களும் மேசை போன்ற ஒரு கல்லறையும். எலிசபெத் ஹான்காக் என்ற தாய் 1666 ஆகஸ்டு 3 முதல் 10 வரை, எட்டு நாட்களில், கணவரையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்த இடம். உதவிக்கு வர யாரும் இல்லை. உடலின் காலில் துணியைக் கட்டித் தானே இழுத்துக்கொண்டு போனாள் என்றும், எதிர்மேட்டில் ஸ்டோனி மிடில்டன் ஊரார் நின்று பார்த்தார்கள் என்றும் சொல்வார்கள். அவளுக்கு நோய் தொற்றவே இல்லை. ஷெஃபீல்டில் வேலை கற்றுக்கொண்டிருந்த ஒரு மகன் பிழைத்திருந்தான். பிறகு அவனிடம் போய்ச் சேர்ந்தாள்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

நெடுவழி அவர்களின் அக்கறை புரிகிறது. ஆனால் மனம் கனக்கும் கதை என்றால் ஆவணத்தை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம்.

சமகாலத்துச் சான்றுகள் மிகக் குறைவு. தேவாலயப் பதிவேடு இருக்கிறது. மோம்பெசனின் சில கடிதங்கள் இருக்கின்றன. 1666 நவம்பர் 20 தேதியிட்ட கடிதத்தில் 76 குடும்பங்களில் நோய் புகுந்தது, 259 பேர் இறந்தார்கள் என்று எழுதுகிறார். ஊர் மண்டையோடுகளின் மேடாகிவிட்டது என்று புலம்புகிறார். அதற்கப்பால் நாம் படிக்கும் உருக்கமான செய்திகளில் பெரும்பகுதி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவை. உள்ளூர்க்காரரான வில்லியம் வுட் 1842இல் ஊர் வரலாற்றைப் புத்தகமாக்கினார். எலிசபெத் ஹான்காக்கின் பிள்ளைகள் இறந்த தேதிகள் பதிவேட்டில் உள்ளவை. காலில் துணி கட்டி இழுத்த செய்தி ஊர்வாய் வழி வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

எம்மட் ஸைடால், ரோலண்டு காதல் கதையும் அப்படியே. எம்மட் 1666 ஏப்ரல் இறுதியில் இறந்தது பதிவு. பக்கத்து ஊர்க் காதலன் பள்ளத்தாக்கின் மறுகரையில் நாள்தோறும் வந்து நின்று பார்த்தான் என்பது பின்னாளில் வளர்ந்தது. இன்று தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னலிலேயே அது இடம்பிடித்துவிட்டது. அந்தச் சன்னல் 1985இல் வைத்தது.

இன்னொன்று: “ஊரே தானாக முன்வந்தது” என்பதையும் கேள்வி கேட்க வேண்டும். 1604ஆம் ஆண்டுச் சட்டப்படி நோய் கண்டவர் வீட்டை விட்டு வெளியேறி ஊரோடு கலந்தால் கடும் தண்டனை. உடலில் புண்ணோடு பிடிபட்டால் தூக்குவரை போகலாம். ஓடிப்போகிற ஏழைக்கு வெளியே என்ன காத்திருந்தது என்பதைச் சேர்த்துத்தான் இந்த முடிவை எடைபோட வேண்டும்.

---

ஷெஃபீல்டுவாசி எழுதியது:

ஏட்டுச்சுவடி சொன்னதற்கு எங்கள் ஊர்ப் பக்கமிருந்து ஒரு சான்று. ஷெஃபீல்டு காவல் அலுவலரின் பழைய கணக்கில், ஈமில் நோய் இருந்த காலத்தில் ஃபுல்வுட் ஊற்றுப் பக்கம் ஆட்கள் வராமல் தடுத்ததற்கான செலவு எழுதப்பட்டிருக்கிறது. அதாவது வெளியேயும் காவல் போட்டிருந்தார்கள். பக்கத்து ஊரான டைட்ஸ்வெல் சந்தைக்கு ஈம் பெண் ஒருத்தி போனபோது, எந்த ஊர் என்று அடையாளம் கண்டு சேற்றை வாரி எறிந்து துரத்தினார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

வசதி படைத்தவர்கள் முன்னதாகவே கிளம்பிவிட்டதையும் யாராவது சொல்ல வேண்டும். பிராட்ஷா குடும்பம் நோய் வந்ததும் போய்விட்டது. அவர்களுடைய மாளிகையின் இடிபாடு இன்றும் ஊரில் இருக்கிறது. மோம்பெசனே தன் இரண்டு குழந்தைகளையும் யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார். போக இடமும் குதிரையும் இருந்தவர்கள் போனார்கள்.

---

நெடுவழி எழுதியது:

இருவருக்கும் நன்றி. இவ்வளவும் என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது என்று நினைக்கிறேன். ஒளிவட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தாலும் பதிவேட்டில் உள்ள தேதிகள் அசைவதில்லை. 1666 ஆகஸ்டு ஒரு மாதத்தில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதத்தில் இரவோடு இரவாக மலைப்பாதையில் நழுவிப் போவதைத் தடுக்க எந்தச் சிற்றூரிலும் போதிய காவலர் கிடையாது. சட்டத்துக்கு அஞ்சியவர்களும் இருந்திருப்பார்கள், போக்கிடம் இல்லாதவர்களும் இருந்திருப்பார்கள். அப்படி இருந்தும் பெரும்பாலோர் நின்றார்கள், சுற்றியுள்ள ஊர்களுக்கு நோய் பரவவில்லை.

ஸ்டேன்லியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அவர் தூய்மைவாத (பியூரிட்டன்) பிரிவைச் சேர்ந்தவர். முடியாட்சி போய் மீண்டும் அரசர் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தபின், புதிய வழிபாட்டு நூலை ஏற்க மறுத்த காரணத்தால் 1662 சட்டம் அவரைப் பதவி நீக்கியது. பதவி போனபின்னும் ஊரை விட்டுப் போகவில்லை. ஊராருக்கு அவர்மேல்தான் பற்று. அவர் இடத்துக்கு வந்த இளைஞர் மோம்பெசன்மேல் அப்போது நம்பிக்கை இன்னும் வளரவில்லை. சமயப் பிளவால் எதிரெதிர் முகாமில் நின்ற இருவர், ஊர் பற்றி எரியும்போது ஒன்றாக நின்று பேசினார்கள். மோம்பெசன் தனியாகக் கேட்டிருந்தால் அந்த மக்கள் கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். 1702இல் வெளிவந்த வில்லியம் பாக்ஷாவின் நூலே ஸ்டேன்லியைப் பற்றிச் சொல்கிறது. நோய் முடிந்தபின் அவரை ஊரிலிருந்து வெளியேற்றச் சிலர் முயன்றபோது, நாடே இவருக்கு நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் இது என்ன பேச்சு என்ற பொருளில் டெவன்ஷயர் பிரபு மறுத்துவிட்டாராம். 1670இல் ஈமிலேயே இறந்தார். கதை பின்னால் எழுதப்படும்போது அதிகாரபூர்வத் திருச்சபையின் மனிதர் முன்னுக்கு வந்தார். விலக்கப்பட்டவர் பின்னுக்குப் போனார்.

---

மருத்துவன்மகள் எழுதியது:

நான் பொதுச் சுகாதாரத் துறையில் இருப்பவள். ஈம் எங்கள் துறையில் அடிக்கடி எடுத்துப் பேசப்படும் ஊர். காரணம் அந்தப் பதிவேடு. யார், எந்த வீடு, எந்த நாள் என்ற தகவல் இவ்வளவு துல்லியமாக வேறு சிற்றூர்களுக்குக் கிடைப்பது அரிது.

2016இல் லிலித் விட்டில்ஸ், சேவியர் டிடலோ என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பெயர்களையும் குடும்பங்களையும் வைத்துக் கணித மாதிரி ஒன்றை உருவாக்கினார்கள். எலித் தெள்ளுப்பூச்சியிடமிருந்து நேரடியாகத் தொற்றியது ஏறக்குறைய கால் பங்கு. மீதி முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியது என்பது அவர்கள் முடிவு. ஒரே வீட்டுக்குள் தொற்று மிக அதிகம். நெடுவழி விரலால் தொட்டுப் படித்த “ஸைடால், ஸைடால், ஸைடால்” அதைத்தான் காட்டுகிறது.

மக்கள்தொகை பற்றியும் திருத்தம் தேவை. 350 பேரில் 83 பேரே பிழைத்தார்கள் என்று பல வலைப்பக்கங்களில் போட்டிருப்பார்கள். அடுப்பு வரி (வீட்டு அடுப்புகளை எண்ணி வாங்கிய வரி) கணக்கையும் பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்த பிந்தைய ஆய்வுகள் ஊரில் 700 பேர் அளவில் இருந்ததாகச் சொல்கின்றன. அப்படியானால் இறந்தது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதுவே தாங்க முடியாத கணக்கு. மிகைப்படுத்தத் தேவையே இல்லை.

ஊரை அடைத்ததால் உள்ளே சாவு கூடியதா என்று கேட்பார்கள். நோய் கண்ட வீட்டில் நலமாக இருந்தவர்களும் அடைபட்டுக் கிடந்தது நிச்சயம் ஆபத்தானது. ஆனால் திறந்தவெளியில் வழிபட்டது நல்ல முடிவு. கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தில், இயற்கையாக வளைந்த பாறை முகப்பின் முன்னால், குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி நின்றார்கள். தொற்றுக்கிருமி என்ற ஒன்றையே அறியாத காலம் அது.

---

தாமிரபரணி எழுதியது:

நோய் பரவாமலிருக்க நாணயங்களை வினிகரில் போட்டார்கள் என்று படித்தேன். அந்த இடம் இன்னும் இருக்கிறதா?

---

ஷெஃபீல்டுவாசி எழுதியது:

இருக்கிறது. ஈமுக்கும் ஸ்டோனி மிடில்டனுக்கும் இடையில், வயலின் நடுவே, ஒரு பெரிய கல். மேற்புறத்தில் சிறு சிறு குழிகள். அந்தக் குழிகளில் வினிகரை ஊற்றி அதற்குள் காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். வெளியூரார் வந்து காசை எடுத்துக்கொண்டு பொருளை வைப்பார்கள். இவ்வளவு காலமாகக் குழந்தைகள் விரலை விட்டுப் பார்த்து அந்தக் குழிகளின் விளிம்பு வழவழப்பாகிவிட்டது. நானும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்திருக்கிறேன். மற்ற எல்லைப்புள்ளி ஊருக்கு வடக்கே மேட்டில் உள்ள மோம்பெசன் கிணறு. கிணறு என்று பெயரே தவிர, கல் கட்டிய சிறு ஊற்று. ஓடும் நீரில் காசைப் போட்டு எடுப்பார்களாம். பாதை ஏற்றம் என்பதால் பெரியவர்களை அங்கே அழைத்துப்போக வேண்டாம்.

---

கீழடுக்கு எழுதியது:

ஈம் மக்களின் வம்சாவளியினருக்கு ஒரு தனி மரபணு மாற்றம் இருப்பதாகவும், அதனால்தான் முன்னோர் பிழைத்தார்கள் என்றும், அதே மாற்றம் எய்ட்ஸ் கிருமியையும் தடுக்கிறது என்றும் ஒரு ஆவணப்படத்தில் பார்த்தேன். யாரும் அதைப் பேசவில்லையே?

---

மருத்துவன்மகள் எழுதியது:

அது சிசிஆர்5-டெல்டா 32 என்ற மாற்றம். இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களுக்கு எச்ஐவி கிருமியின் பெரும்பாலான வகைகள் தொற்றுவதில்லை என்பது உறுதியான உண்மை. பிளேக் நோயிலிருந்தும் அதுவே காத்தது என்ற பகுதிதான் நிற்கவில்லை. எலிகளில் சோதித்தபோது அந்த மரபணு இல்லாத எலிகளுக்குப் பிளேக்கிடமிருந்து தனிப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை என்று 2004இல் ஆய்வு வெளிவந்தது. அந்த மாற்றம் கொள்ளைநோய்க் காலத்துக்கு வெகுமுன்பே ஐரோப்பாவில் இருந்தது என்பதையும் பழைய எலும்புகளின் மரபணு காட்டிவிட்டது. ஆவணப்படத்துக்குப் பொருத்தமான கதை. ஆனால் இறந்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் இடையே அப்படி ஒரு கோடு போட நம்மிடம் சான்று இல்லை.

---

கல்லும்கதையும் எழுதியது:

கொள்ளைநோயை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். பதினான்கு மாதத் துயரத்துக்கு முன்னும் பின்னும் அந்த ஊருக்கு ஆயிரம் ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. அதற்காகவே இந்தப் பதிவு.

தெருவோரம் கல்தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். 1588இல் ஊற்றுநீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து தொட்டிகளில் விட்டார்கள், இங்கிலாந்துக் கிராமங்களில் பொதுக் குடிநீர் ஏற்பாடு செய்த முதல் ஊர்களில் ஒன்று எங்களுடையது என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள். தேவாலயச் சுவரில் 1775ஆம் ஆண்டுச் சூரியக் கடிகாரம். தொலைதூர நகரங்களின் நேரத்தையும் குறிக்கும் அளவுக்கு நுணுக்கமாகக் கோடுகள் கீறியிருக்கிறார்கள். கவிஞர் ஆன்னா சீவர்டு 1742இல் இந்த ஊரில் பிறந்தவர். அவர் தந்தை இங்கே போதகர். ஈயத்துக்குப் பின்னால் ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமத்தைத் தோண்டினார்கள்; சுரங்க வேலை இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது.

கிரிக்கெட் ரசிகர்கள் கல்லறைத் தோட்டத்தில் ஹாரி பாக்ஷாவைத் தேடுங்கள். டார்பிஷயர் அணிக்கு ஆடியவர், பிறகு நடுவராக இருந்தவர். 1927இல் இறந்தார். கல்லில் பந்து பட்டுச் சிதறும் ஸ்டம்பும் மட்டையும் செதுக்கியிருக்கிறார்கள். அதற்கு மேலே விரலை உயர்த்திய நடுவரின் கை. அவரை அறிந்தவர்கள் அன்போடு செய்த வேலை என்பது பார்த்தவுடன் தெரியும்.

---

தாமிரபரணி எழுதியது:

கடைசியாக ஒன்று. மோம்பெசன் பிறகு என்ன ஆனார்?

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

1669இல் நாட்டிங்ஹாம்ஷயரில் ஈக்ரிங் என்ற ஊருக்குப் போனார். ஈமிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் ஊரார் அஞ்சினார்கள். நோய் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் அவரை ஊருக்குள் விடாமல், பக்கத்து ரஃபர்டு பூங்காவில் குடிசையில் தங்கவைத்தார்கள் என்றும், அவர் ஒரு மரத்தடியில் நின்று பிரசங்கம் செய்தார் என்றும் சொல்வார்கள். பிறகு மறுமணம் செய்துகொண்டார், 1709வரை வாழ்ந்தார். லிங்கன் பேராலயத்தில் தலைமைப் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்று சொன்னதாகவும் குறிப்பு உண்டு.

---

நெடுவழி எழுதியது:

தாமிரபரணி, ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமை போக முடிந்தால் போங்கள். அன்று இறந்தவர்களை நினைத்து ஊர்வலமாகக் கக்லெட் டெல்ஃப் போய் அதே பாறை முன்னால் வழிபடுகிறார்கள். கேத்தரினின் கல்லறையில் மலர்வளையம் வைப்பார்கள். அந்த வாரத்தில் பூவிதழ்களை ஈரக் களிமண்ணில் பதித்துப் படங்கள் செய்து ஊற்றுகளுக்கு அலங்காரம் வைப்பதும் நடக்கும். கூட்டம் சேரும், கார் நிறுத்த இடம் கிடைப்பது சிரமம். ஷெஃபீல்டிலிருந்து பஸ் வருகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் குறைவு என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் வந்தால் கிரைண்டில்ஃபோர்டில் இறங்கி டாக்சி வைத்துக்கொள்வது பெரியவர்களுக்கு நல்லது. ரைலிக்குப் போகும் பாதையில் மழை பெய்திருந்தால் வழுக்கும். பெரியவர்கள் வருவதானால் கைத்தடியும் நல்ல காலணியும் எடுத்துக்கொள்ளட்டும்.